டேப் ஒட்டி எடுத்தால் எக்ஸிமாவுக்கு மருந்து தெரிந்துவிடுமா?

ஒரு தாய் கேட்ட கேள்வி இது: "என் மகளுக்கு 7 வயது. ஒன்றரை வயதிலிருந்து கரப்பான், அதாவது எக்ஸிமா. ஸ்டீராய்டு கிரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் பத்தே நாளில் திரும்பிவிடுகிறது. இப்போது டாக்டர் ஊசி மருந்து பற்றிப் பேசுகிறார். தோலில் டேப் ஒட்டி எடுத்து, குத்தாமல் வெட்டாமல், எந்த மருந்து ஒத்துவரும் என்று சொல்லும் சோதனை வந்திருப்பதாகப் படித்தேன். அதைச் செய்துவிட்டு முடிவெடுக்கலாமா?"

அந்தச் சோதனைக்காகக் காத்திருக்காதீர்கள். டேப் சோதனை கட்டுக்கதை இல்லை, நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துப் பொருள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பதுபோல் ஒரு சீட்டில் எழுதி, எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லும் நிலை நம் ஊரில் இன்னும் வரவில்லை. உங்கள் டாக்டர் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. "நிறுத்தினால் பத்தே நாளில் திரும்பிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது. எந்த மருந்து என்பதைவிட, எப்போது நிறுத்துவது என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் தோற்கிற இடம். இந்தத் தோல் சோதனைகள் முதலில் கைகொடுக்கப்போவதும் அங்கேதான் என்பது என் கணிப்பு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இப்போது நாங்கள் நோயை எப்படி அளக்கிறோம்? கண்ணால்தான். 'ஈசி' என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு, 0 முதல் 72 வரை. சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, சொறிந்த கீறல் எவ்வளவு, தோல் எவ்வளவு முரடு தட்டியிருக்கிறது, உடம்பில் எவ்வளவு இடம் என்று பார்த்துக் கூட்டுவோம். புது மருந்துகளின் ஆய்வுகளெல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. இதில் முதலில் வருவது சிவப்பு. வெள்ளைத் தோலில் அது பளிச்சென்று தெரியும். நம் தோலில்? சாம்பல் பூத்தது மாதிரி, ஊதா கலந்த பழுப்பு மாதிரி, சில சமயம் வெறும் கருமையாகத் தெரியும். லண்டனில் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2002-இல் வந்த ஒரு ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது: சிவப்பை நம்பி மதிப்பெண் போட்டால் கறுந்தோல் குழந்தைகளின் கடுமையான எக்ஸிமா கண்ணில் படாமலே போய்விடுகிறது.

நம் வீடுகளில் இது இரண்டு பக்கமும் இடிக்கிறது. சிவப்பு இல்லை, ஆறிவிட்டது என்று கிரீமை நிறுத்துகிறோம், உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது. இன்னொரு வீட்டில் நோய் உண்மையிலேயே அடங்கியிருக்கும், ஆனால் அது விட்டுப்போன கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். "இன்னும் போகலையே டாக்டர்" என்று அந்தக் கருமைக்கு ஸ்டீராய்டு போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு பையனைப் பார்த்தேன், முழங்கையின் உள்மடிப்பில் கருமை மட்டும்தான் மிச்சம். தோல் காகிதம்போல் மெலிந்து, அடியில் ரத்தக்குழாய் தெரிந்தது. ஏழெட்டு மாதம் நிறமாற்றத்துக்கு மருந்து போட்டிருக்கிறார்கள், நோய்க்கு இல்லை.

ஆக, கண்ணுக்கு அப்பால் ஒரு சாட்சி வேண்டும். அதைத்தான் பயோமார்க்கர் என்கிறார்கள். உடம்பில் அளக்கக்கூடிய ஒரு பொருளோ மாற்றமோ, நோயின் நிலைமையைச் சொல்லிக்கொடுக்கும் குறி. பழைய வழி பயாப்ஸி: மரப்புமருந்து போட்டு, பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைத் துளைத்து எடுத்து, தையல் போடுவது. ஏழு வயதுக் குழந்தையிடம், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யார் செய்வார்கள்? அதனால் வந்ததுதான் டேப்.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பயிற்சியின்போது என் முன்கையிலேயே செய்து பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய் நாணயம் அளவில், பசை தடவிய, கண்ணாடிபோன்ற வட்டத் துண்டு. தோலில் வைத்து, ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கருவியால் ஒரே அழுத்தமாகச் சில விநாடி அழுத்தி, இடுக்கியால் பிடித்து ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் அதன்மேல் மாவு படிந்ததுபோல் ஒரு மங்கல். அதே இடத்தில் அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என்று பதினைந்து இருபது வரை போகும். முதல் சில துண்டுகளில் வருவது உதிரக் காத்திருந்த செதில். அதைத் தூர எறிந்துவிடுவதுகூட உண்டு. பின்னால் வருவதில்தான் சரக்கு. நல்ல தோலில் வலியே இல்லை, கடைசிச் சில துண்டுகளுக்கு லேசான எரிச்சல். எக்ஸிமா திட்டில் கொஞ்சம் கூடுதலாக எரியும், ரத்தம் வராது.

இப்படி உரித்து எடுப்பது தோலின் வெளிப்படலத்தை, செத்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் அந்த மெல்லிய தகட்டை. செத்ததுதானே என்று விட்டுவிட முடியாது. அதற்குக் கீழே நடந்த சண்டையின் தடயம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வந்திருக்கும். அழற்சியைக் கிளப்பும் இன்டர்லியூகின்-13, இன்டர்லியூகின்-22 போன்றவற்றின் ஆர்.என்.ஏ. (எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் நகல்), அழற்சி கூடினால் ஏறும் 'டார்க்' என்ற புரதம், தோலின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்கள், செல்களுக்கு நடுவில் சாந்துபோல் பூசியிருக்கும் செராமைடு கொழுப்புகள் என எல்லாம். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் எம்மா கட்மன்-யாஸ்கியின் குழுவும், டென்வரில் நேஷனல் ஜூயிஷ் ஹெல்த்தில் டொனால்ட் லியுங்கின் குழுவும் இதில் நிறைய உழைத்தவர்கள். 2019-இல் கட்மன்-யாஸ்கி குழு 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் டேப் மட்டும் வைத்தே நோயின் அழற்சிக் குறிகளையும் தோல் என்ற தடுப்புச்சுவரின் பழுதையும் படிக்க முடியும் என்று காட்டியது. முக்கியமான விஷயம், புண்ணே இல்லாத, பார்க்க நன்றாக இருக்கும் இடத்துத் தோலிலும் கோளாறு தெரிந்தது.

அதே ஆண்டு லியுங் குழு இன்னொன்று சொன்னது. எக்ஸிமாவோடு உணவு ஒவ்வாமையும் இருக்கும் குழந்தைகளின் நல்ல தோல், எக்ஸிமா மட்டும் உள்ள குழந்தைகளின் நல்ல தோலிலிருந்து வேறுபட்டிருக்கிறது. சுவர் இன்னும் பலவீனம், அந்த வேறுபாடும் மிக மேல்தட்டிலேயே இருக்கிறது. முட்டையை நிறுத்தட்டுமா, பாலை நிறுத்தட்டுமா என்று எல்லா எக்ஸிமாக் குழந்தைகளின் தட்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகும் நம் வழக்கத்துக்கு இது ஒருநாள் கடிவாளம் போடலாம். இன்னும் போடவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்: மருந்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்குமா? இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஃபெசாகினுமாப் என்று ஒரு மருந்து, இன்டர்லியூகின்-22-ஐத் தடுப்பது. மொத்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் சுமாரான மருந்து. ஆனால் சிகிச்சைக்கு முன்பே தோலில் இன்டர்லியூகின்-22 யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்று பிரித்துப் பார்த்தபோது, அதிகம் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு, ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் மருந்தே இல்லாத போலி மருந்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எக்ஸிமா என்று ஒரே பெயரில் அழைப்பதற்குள் வேறு வேறு நோய்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பிரிப்பு பயாப்ஸியில் செய்தது, டேப்பில் இல்லை. அதைவிட, அந்த மருந்தே கடைக்கு வரவில்லை.

உங்கள் டாக்டர் சொல்லும் ஊசி பெரும்பாலும் டுபிலுமாப் ஆக இருக்கும். இன்டர்லியூகின்-4, இன்டர்லியூகின்-13 இரண்டும் வந்து உட்காரும் பூட்டை அடைத்துவிடுவது அதன் வேலை. அமெரிக்காவில் 2017-இல் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது, குழந்தைகளுக்கு அதற்குப் பின்னர்தான். இதற்கு யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே நம்பிச் சொல்லும் குறி இன்றுவரை சிகிச்சையறைக்கு வரவில்லை. காரணம் யோசித்தால் புரியும். இன்டர்லியூகின்-13 எக்ஸிமா உள்ள ஏறக்குறைய எல்லார் புண்ணிலும் உயர்ந்திருக்கிறது. எல்லாரிடமும் இருக்கும் ஒன்றை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. ஊசி போட்ட பிறகு குறிகள் இறங்குகின்றன என்பது வேறு விஷயம். மருந்து வேலை செய்கிறதைச் சொல்லும் குறி ஒன்று, எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லும் குறி இன்னொன்று. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள், நீங்கள் படித்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இது என்ன நோய் என்று பிரிப்பதில் டேப் இன்னும் திறமைசாலி. எக்ஸிமாவா சோரியாசிஸா என்று உள்ளங்கையிலும் உச்சந்தலையிலும் நாங்களே திணறுவது உண்டு. 'நாஸ்-2' என்ற ஒரு மரபணுவின் செயல்பாடு சோரியாசிஸில் ஏறியிருக்கும், எக்ஸிமாவில் ஏறாது. டேப்பில் அதை அளந்தே இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை என்று நினைக்கிறேன்.

இனி நிறுத்துவது பற்றி. ஜப்பானில் 2008 முதல் 'டார்க்' அளவைப் பார்ப்பதற்கு அரசுக் காப்பீடே பணம் கொடுக்கிறது. அது ரத்தச் சோதனை, ஊசி குத்தித்தான் எடுக்க வேண்டும், அதனால் குத்தாத சோதனைகளின் பட்டியலில் சேராது. ஆனாலும் அவர்கள் அதைப் பயன்படுத்தும் விதத்தைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் 450 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு என்று கணக்கு; கைக்குழந்தைகளுக்கு இயல்பே பல மடங்கு மேலே, எனவே வயதுக்கு ஏற்ப வேறு எல்லை. தோல் பார்க்கப் பளபளவென்று ஆகிவிட்டாலும் 'டார்க்' இறங்கவில்லை என்றால் கிரீமைக் குறைக்க அவசரப்படுவதில்லை. பெற்றோரிடம் எண்ணைக் காட்டி, "பாருங்கள், இன்னும் உள்ளே இருக்கிறது" என்று சொல்ல முடிகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இங்கே எத்தனை முறை படம் வரைந்து விளக்கியிருப்பேன்!

ஊசியே இல்லாமல் இதைச் செய்யவும் அங்கேதான் முயல்கிறார்கள். காவோ நிறுவனம் முகத்தில் எண்ணெய் ஒற்றி எடுக்கும் தாளைப் போன்ற ஒன்றால் துடைத்து, அந்த எண்ணெய்ப்பசையில் கலந்திருக்கும் ஆர்.என்.ஏ.-வைப் படிக்கும் முறையை 2019-இல் அறிவித்தது. டேப்பைவிட மென்மை, கைக்குழந்தைக்கும் ஆகும்.

இன்னொரு கருவி, தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும் நீரை அளப்பது. ஸ்வீடனைச் சேர்ந்த கெர்ட் நில்சன் 1977-இல் விவரித்த முறை. ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிராம் என்று எண் வரும். நல்ல முன்கையில் ஒற்றை இலக்கம் அல்லது அதை ஒட்டி. எக்ஸிமா திட்டில் பல மடங்கு. அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பிறந்த இரண்டாம் நாள் இந்த எண் அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு ஒரு வயதில் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கேட்டதும் எல்லாருக்கும் தோன்றுவது, அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே மாய்ஸ்சரைசர் பூசிவிட்டால்? பிரிட்டனில் குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள 1,394 குழந்தைகளிடம் அதைத்தான் சோதித்தார்கள், 2020-இல் முடிவு வந்தது. ஒரு வருடம் தினமும் பூசியவர்களில் 2 வயதில் எக்ஸிமா 23 சதவீதம், பூசாதவர்களில் 25. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வந்த எக்ஸிமாவுக்கு மாய்ஸ்சரைசர் அவசியம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் யாருக்கு வரும் என்று தெரிவதும், வராமல் தடுக்கத் தெரிவதும் ஒன்றல்ல என்று அந்த ஆய்வு எங்களுக்கெல்லாம் ஒரு குட்டு வைத்தது.

இந்தக் கருவியை நம் ஊரில் பயன்படுத்துவது தனிப் பாடு. குளிர்ந்த, காற்று அடிக்காத அறையில் குழந்தை கால்மணி நேரமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மே மாதத்தில் பேருந்தில் வந்து இறங்கிய குழந்தையின் கையில் வைத்தால் அது வியர்வையைத்தான் அளக்கும். அழுதால் எண் ஏறும். கடைகளில் கன்னத்தில் வைத்து "உங்கள் தோலில் ஈரம் 30 சதவீதம்தான்" என்று பயமுறுத்தும் கருவி இதுவல்ல. அது மேல்தோல் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பது. எந்தக் கிரீமைத் தடவிவிட்டு வைத்தாலும் எண் ஏறும், அவர்கள் கிரீமைத் தடவினாலும் ஏறும். விற்பனைக்கு ரொம்ப வசதி.

சிலர் ஸ்வாப் எடுத்த ரிப்போர்ட்டோடு வருவார்கள்: ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருக்கிறது, ஆன்டிபயாடிக் கொடுங்கள் என்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த கணக்கில், எக்ஸிமா உள்ளவர்களின் புண்பட்ட தோலில் 70 சதவீதம் பேரிடமும், நல்ல தோலில் 39 சதவீதம் பேரிடமும் அந்தக் கிருமி இருந்தது. அதாவது அது இருப்பது செய்தியே இல்லை. நீர் வடிகிறதா, தேன்நிறப் பொருக்கு கட்டியிருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்பதுதான் முடிவு செய்யும்.

காசில்லாத பயோமார்க்கர் இரண்டு உண்டு. மகளின் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். வயதுக்கு மீறி, முதியவர் கைபோல் குறுக்கும் நெடுக்குமாக ரேகைகள் ஆழமாக ஓடுகின்றனவா? நான் இப்படிக் கையை வாங்கிப் பார்க்கும்போது தாத்தா பாட்டிகள் ஆர்வமாக எட்டிப் பார்ப்பார்கள், ஆயுள் ரேகை சொல்வேன் என்று. நான் தேடுவது ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் குறைபாட்டை. தோலின் சுவரைக் கட்டி, பின் சிதைந்து ஈரம் காக்கும் பொருளாக மாறுவது அந்தப் புரதம். அதன் மரபணுப் பழுதுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பை 2006-இல் இர்வின் மெக்லீன் குழு காட்டியது. பழுது உள்ளவர்களுக்கு வறட்சி பிறவியிலேயே வருவது; கோடையென்றாலும் மாய்ஸ்சரைசரை விட முடியாது. இதற்கு மரபணுச் சோதனை எடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஐரோப்பியர்களிடம் அடிக்கடி வரும் பழுதுகளை மட்டும் தேடும் சோதனை, நம் பக்கத்து மக்களிடம் தவறவிடும். லண்டனில் வாழும் வங்காளதேசக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அவர்களிடம் வேறு வேறு ஃபிலாக்ரின் பழுதுகள் வரிசையாகக் கிடைத்தன.

இரண்டாவது, விரல் நகம். பாலிஷ் போட்டதுபோல் மின்னினால், இரவெல்லாம் சொறிகிறாள் என்று அர்த்தம். "தூங்கிவிடுகிறாள் டாக்டர், சொறிவதில்லை" என்று அம்மா சொல்லும்போதே நகம் வேறு கதை சொல்லும். இதையே கருவியாக்கி, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் புறங்கையில் ஒட்டும் ஒரு மெல்லிய உணரியை 2021-இல் வெளியிட்டார்கள். சொறியும் அசைவையும் அதன் அதிர்வையும் சேர்த்துப் பிடித்து இரவு முழுக்கக் கணக்கெடுக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஊசி பற்றிய முடிவை எடுக்க, இதுவரை கிரீம் எப்படிப் போடப்பட்டது என்ற கணக்கு வேண்டும். அடங்கியதும் ஒரேயடியாக நிறுத்தினீர்களா, அல்லது வழக்கமாக வரும் இடங்களில் வாரம் இரண்டு நாள் என்று சில மாதம் தொடர்ந்தீர்களா? இரண்டாவதைச் செய்யாமலே "கிரீம் கேட்கவில்லை" என்ற முடிவுக்கு வந்திருந்தால், டாக்டரிடம் முதலில் அதைப் பேசுங்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று, இன்னும் அவள் தூக்கமும் பள்ளியும் கெடுகிறது என்றால், ஊசியைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. 'போயம்' என்று ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு, நாட்டிங்ஹாமில் உருவாக்கியது, 28-க்கு மதிப்பெண். வாரம் ஒருமுறை நிரப்பி, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். ஆறியதாகத் தெரியும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். பக்கத்துத் தோலைவிடச் சொரசொரப்பாகவோ தடிப்பாகவோ பட்டால் இன்னும் ஆறவில்லை. வழுவழுவென்று இருந்து கருமை மட்டும் நின்றால், அது தானாகக் கரையட்டும்.

பெரிய மருத்துவக் கல்லூரியில் டேப் ஆய்வு ஏதாவது நடந்து, உங்களைச் சேரச் சொன்னால் தாராளமாகச் சேரலாம். அவள் சிகிச்சையை அதற்காக எத்தனை நாள் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் செல்லோ டேப்பை ஒட்டிப் பார்க்க வேண்டாம். அதில் எதையும் படிக்க முடியாது, அவளுக்கு எரியும், அடுத்த முறை நிஜமான டேப்பைக் காட்டினால் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வாள்.